அறுபது முட்டையும் மூன்று ஞானிகளும்

செம்புச் சட்டியில் கம்பி சுழலும்போது முதலில் 'சளக் சளக்' என்று யாரோ தண்ணீரில் கால் அலசுவது போலக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அது 'சரக் சரக்' என்று ஈர மணலில் நடப்பது போலாகும். அப்புறம் சத்தமே இருக்காது. கம்பி சட்டியின் ஓரத்தில் எப்போதாவது இடித்து 'ணங்' என்னும். அந்த 'ணங்' வந்தால் சிப்பித்துறையின் கடற்கரைத் தெரு முழுவதற்கும் விஷயம் தெரியும்: தெக்கிலம்மாள் பேக்கரியில் வெள்ளைக்கரு இறுகிவிட்டது. எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்றும் பக்கத்து வீட்டில் யாராவது டம்ளரில் ஸ்பூனைச் சுழற்றினால் இறுகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். இறுகுவதில்லை. அது காப்பி.

மக்ரூன் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பொடி, இந்த மூன்றையும் விட்டால் அதில் மிச்சமெல்லாம் காற்றுதான். அடிக்கிற கை காற்றை உள்ளே அனுப்புகிறது. அடுப்பின் அடங்கிய சூடு அதை அங்கேயே உட்கார வைக்கிறது. காகிதக் கூம்பில் நிரப்பிப் பிழிவதால் அடி அகன்று, உச்சி கூராக, சின்னக் கோபுரம் மாதிரி நிற்கும். அதைக் கடித்துத் தின்பவர் வெளியூர் என்று கண்டுகொள்வோம். நாக்கில் வைத்து, வாயை மூடி, பேச்சை நிறுத்திவிட வேண்டும். முதலில் கூர் கரையும். பிறகு சுவர் கரையும். பிறகு வீடே இருக்காது. கடைசியில் முந்திரித் துணுக்கு இரண்டு பல்லிடுக்கில் நிற்கும், யாரோ வந்துவிட்டுப் போனதற்கு அடையாளமாக.

எங்கள் ஊர் நிச்சயதார்த்தத்தில் மோதிரம் இரண்டாவதுதான். முதலில் மக்ரூன் முறிக்க வேண்டும். பெண் வீட்டு அடுப்பில் சுட்ட மக்ரூன் ஒன்றை மாப்பிள்ளையின் தாய் எடுத்து, பெண்ணின் தாயுடைய காதருகே வைத்து முறிப்பாள். 'மொறுக்' என்று கேட்டால் சம்மதம். சத்தமில்லாமல் வளைந்தால், "ஆறு மாசம் பொறுப்போம்" என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். அந்த மக்ரூனில் கல்யாணப் பெண்ணின் கை படக் கூடாது என்பதும் முறை.

தெக்கிலம்மாளின் ஒரே மகள் செலஸ்தீனுக்கு இரண்டு முறை வளைந்திருந்தது. இரண்டும் மழைக்காலம்; கடல்காற்றின் ஈரம் பட்டால் மக்ரூன் ஒரு மணி நேரத்தில் அழுதுவிடும். முதல் ஆறு மாதத்தில் ஒருவன் கொழும்புக்குக் கப்பலேறினான். இரண்டாவது ஆறு மாதத்தில் மற்றவன் அவளுடைய தோழியைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்குக் கேக் செய்து கொடுத்தது செலஸ்தீன்தான்.

மூன்றாவதாக வந்தவர் தஸ்நேவிஸ். கலங்கரை விளக்கத்தில் வேலை, வயது நாற்பது. சாயங்காலமானால் பேக்கரிக்கு வந்து ஒரு பன் வாங்குவார். கடையில் இருப்பது ஒரே வகைப் பன். அதைத் தேர்ந்தெடுக்க அவருக்கு அரை மணி நேரமாகும். செலஸ்தீனுக்கு அப்போது முப்பத்து மூன்று. அந்த அரை மணி நேரத்தில் அவள் ஒரே பன்னை நாலு தட்டில் மாற்றி மாற்றி வைப்பாள். இப்படியே ஏழு வருடம் போயிருந்தது.

"இதுவும் வளைஞ்சா அவ்வளவுதாம்மா," என்றாள் தாயிடம். "அவங்கம்மா வேற ஊர்ல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்காங்க. ஆறு மாசமெல்லாம் நிக்க மாட்டாங்க."

அதனால் மழையே எட்டிப் பார்க்காத பங்குனியில் நாள் குறித்தார்கள். தெக்கிலம்மாளின் கண் புரைக்கு ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த நாளும் அதே வாரத்தில் வந்து விழுந்தது. திருநெல்வேலிக்குப் போய், இரண்டு கண்ணிலும் கட்டோடு, நிச்சயதார்த்த மாலையில் நேரே கோயிலின் பங்கு மண்டபத்துக்குத்தான் வர முடியும். மக்ரூன் செய்ய மிச்சமிருந்தது அவளுடைய தங்கை மக்கள் மூன்று பேர்.

பாலன் இயேசுவைத் தேடி வந்த மூன்று ஞானிகளின் பெயரை அவர்களுக்கு வைத்திருந்தார்கள்: கஸ்பார், மெல்கியோர், பல்தசார். ஞானம் பெயரோடு நின்றுகொண்டது. பேக்கரியில் விறகு பிளப்பார்கள், மாவு பிசைவார்கள். சோம்பல் கிடையாது, பொய் கிடையாது, சொன்ன சொல்லைத் தட்டியதே கிடையாது. கஷ்டமெல்லாம் அந்தக் கடைசிக் குணத்தால்தான் வந்தது.

புறப்படுகிற அன்று தெக்கிலம்மாள் மூவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"ஏல, நல்லாக் கேளுங்க. அறுபது முட்டை வச்சிருக்கேன். முப்பது முப்பதா ரெண்டு தடவையா அடிங்க. மஞ்சக்கரு ஒரு சொட்டுகூட வெள்ளையோட சேரக் கூடாது. சட்டியத் தலைக்கு மேல கவுத்தாலும் விழாத அளவுக்கு அடிக்கணும். அப்புறந்தான் சர்க்கரை, முந்திரி. ஒரு பொட்டுத் தண்ணி படக் கூடாது. அடிச்சதை வீணாக்காம அன்னைக்கே அடுப்புச் சூட்டுல காய வைக்கணும். ஆறுனதும் டின்னுல இறுக்கி மூடணும், காத்துப் படக் கூடாது. மண்டபத்துக்குக் கொண்டுபோற வரைக்கும் பிறந்த பிள்ளையப் பாக்குற மாதிரி பாத்துக்கணும். எங்கே, திருப்பிச் சொல்லுங்க."

மூன்று பேரும் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள். அவள் நடுவில் இருமியதையும் அந்தந்த இடத்தில் இருமினார்கள். தெக்கிலம்மாள் நிம்மதியாக வண்டியேறினாள்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்திய நாள் காலை, ரொட்டி வெந்து இறங்கி அடுப்பு அடங்கியதும் வேலை தொடங்கியது. செலஸ்தீன் முறைப்படி வீட்டுக்குள். பேக்கரிப் பக்கம் எட்டிப் பார்க்கவும் கூடாது.

மெல்கியோர் முட்டைகளை உடைத்து, வெள்ளையைச் செம்புச் சட்டிகளிலும் மஞ்சளை ஒரு மண்பானையிலுமாகப் பிரித்தான். ஒரு சொட்டுப் பிசகவில்லை. பிறகு மூவரும் பானையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"சேரக் கூடாதுன்னு சொன்னாவ," என்றான் பல்தசார். "ஒரே மேசையில வச்சா அது சேந்துதானல இருக்கு?"

"அப்போ கொல்லையில வைப்போம்," என்றான் கஸ்பார்.

"கொல்லையும் இந்த வீடுதான?"

"தெருக்கோடியில?"

"ஒரே ஊர்ல இருந்தா என்னைக்காவது சேந்துரும்ல," என்றான் மெல்கியோர். "நம்ம தெருவுல எத்தனை பேரு அப்படிச் சேந்திருக்காவ. யாரு தடுத்தா?"

இது மறுக்க முடியாததாக இருந்தது. கஸ்பாருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "முட்டைக்குள்ள இவ்வளவு நாளும் ரெண்டும் சேந்துதானல இருந்துச்சு?"

"அது பெரியம்மா சொல்லுறதுக்கு முன்னாடி," என்றான் பல்தசார்.

ஊருக்குத் தெற்கே கடல் உள்ளே புகுந்து உப்பங்கழியாகக் கிடந்தது. படகில்தான் தாண்ட வேண்டும். அக்கரையில் நாற்பது வீடு. மெல்கியோர் பானையை மடியில் வைத்துக்கொண்டு அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தான். "வெள்ளைக்கரு தீர்ற வரைக்கும் வந்துராதே," என்று கரையிலிருந்து பல்தசார் சொல்லி அனுப்பினான். மெல்கியோர் தலையாட்டினான். அவன் தலையாட்டினால் ஆட்டியதுதான்.

முதல் சட்டியை மேசைக்கு நடுவில் வைத்தார்கள். சட்டியைத் தலைக்கு மேல் கவிழ்க்க வேண்டும், சரி. யார் தலைக்கு மேல் என்பதைப் பெரியம்மா சொல்லவில்லை. பல்தசார் அடிக்கிறவன், எனவே தலை கஸ்பாருடையது என்று முடிவாயிற்று. எப்போது கவிழ்ப்பது என்று அடுத்த கேள்வி.

"விழுதா இல்லையான்னு தெரிஞ்சாத்தான எவ்வளவு அடிக்கணும்னு தெரியும்?" என்றான் கஸ்பார். "முதல்ல கவுத்துப் பாத்துருவோம்."

கவிழ்த்தார்கள். முப்பது முட்டையின் வெள்ளையும் விழுந்தது.

"விழுது," என்றான் பல்தசார். "இன்னும் அடிக்கணும்."

"எங்கல அடிப்பே? சட்டியில ஒண்ணுமில்ல. எல்லாம் எந்தலையில இருக்கு."

பல்தசார் கஸ்பாரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தான். பாதி தரையில் ஓடிவிட்டிருந்தது. மிச்சம் கஸ்பாரின் அடர்ந்த சுருட்டை முடியில் தங்கியிருந்தது. "வீணாக்கக் கூடாதுன்னு சொன்னாவல்ல," என்றான். "ஆடாம உக்காரு." கம்பியை எடுத்து அங்கேயே அடிக்க ஆரம்பித்தான்.

சளக் சளக் என்றது. கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரத்தில் சரக் சரக் என்றது. வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் சத்தம் நின்றது. கம்பி கஸ்பாரின் காதுக்கு மேல் இடித்தது. 'ணங்' மட்டும் வரவில்லை. கஸ்பார் சொன்னான், "ஆ."

"இறுகிருச்சு," என்றான் பல்தசார். "இப்போ கவுத்தணும்."

கஸ்பாரை பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலை மட்டும் வெளியே தொங்கும்படி இழுத்து, அதற்கு நேர் கீழே பல்தசார் தரையில் உட்கார்ந்தான். அண்ணன் தலை தம்பி தலைக்கு மேல் கவிழ்ந்திருந்தது. பத்து நிமிடம் பார்த்தார்கள். ஒரு துளி விழவில்லை. இரண்டு பேருக்கும் அன்று அதைவிடப் பெரிய சந்தோஷம் இருந்திருக்காது. அளந்து வைத்த சர்க்கரையையும் முந்திரிப்பொடியையும் தூவிக் கலந்து, உச்சியில் கூர் எடுத்துவிட்டான் பல்தசார்.

இரண்டாவது சட்டியை முதலில் அடித்துவிட்டுப் பிறகு கவிழ்த்தார்கள். அதுவும் விழவில்லை. இந்த முறைதான் சுலபம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். சர்க்கரையும் முந்திரியும் கலந்து, கூம்பில் நிரப்பித் தகட்டில் பிழிந்தார்கள். எண்ணிப் பார்த்தால் இருநூற்று மூன்று கோபுரம். தகடுகளை உள்ளே தள்ளினார்கள். அடித்தது எல்லாமே அன்றைக்கே காய வேண்டும் என்பதால் அடுப்பு வாயருகே ஸ்டூல் போட்டு கஸ்பாரும் உட்கார்ந்து தலையை நீட்டினான். செபமாலை சொல்லிக்கொண்டு நாலு மணி வரை இருந்தான். வேறு ஒருவனாயிருந்தால் எழுந்து போய்த் தலை குளித்திருப்பான். தண்ணீர் ஒரு பொட்டும் படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

தகடு வெளியே வந்தபோது, உள்ளதைச் சொல்ல வேண்டும், அவ்வளவு அழகான மக்ரூனைச் சிப்பித்துறை பார்த்ததில்லை. கடற்சிப்பியின் உட்புற நிறம். தட்டினால் உள்ளே யாருமில்லாத வீட்டின் ஓசை.

மக்ரூனையும் கஸ்பாரையும் இரவு முழுக்க அடுப்பருகிலேயே ஆறவிட்டு, மறுநாள் காலை டின்னை எடுத்தார்கள். எடுத்த கை அப்படியே நின்றது.

"பிறந்த பிள்ளையப் பாக்குற மாதிரி பாக்கணும்னு சொன்னாவ," என்றான் கஸ்பார். "டின்னுல இறுக்கி மூடணும்னும் சொன்னாவ."

"ஆமா."

"பிறந்த பிள்ளைய டின்னுல போட்டு மூடுவாவளால?"

பல்தசார் டின்னை மெல்லக் கீழே வைத்தான். நெடுநேரம் யோசித்தான். "பெரியம்மா தப்பாச் சொல்ல மாட்டாவ. ரெண்டும் செய்யணும். இந்த இருநூத்து மூணும் நேத்துப் பிறந்தது. இதைப் பிள்ளையாட்டம் பாத்துக்குவோம். ஒனக்கு என்ன வயசு?"

"இருபத்தொம்பது."

"அப்போ ஒன்னைய டின்னுல போட்டாத் தப்பில்லை."

பெரிய சதுர பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து கஸ்பாரின் தலையில் தோள்வரை இறக்கினார்கள். மூடியைப் போடக் கழுத்து இடைஞ்சலாக இருந்ததால் துண்டைச் சுற்றி இறுக்கினார்கள். மூச்சுக்காக மூக்குக்கு நேரே ஆணியால் ஓர் ஓட்டை. காற்றுப் படக் கூடாதென்று கஸ்பார் அந்த ஓட்டையையும் விரலால் மூடி, தாங்காதபோது மட்டும் திறந்தான்.

பிறகு பல்தசார் பிள்ளைகளைக் கவனித்தான். அரிசி புடைக்கிற சுளகில் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து விரித்து, இரண்டு கையாலும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தான்.

"கழுத்தப் பிடிச்சுத் தூக்குல," என்றது டின். "தலை நிக்காது."

"மக்ரூனுக்குக் கழுத்து எதுல?"

"கூருக்குக் கீழ."

காத்துக் கருப்பு அண்டாமலிருக்கச் சுளகின் ஓரத்தில் ஓர் இரும்புச் சாவி வைத்தான். செலஸ்தீனின் கண்மை டப்பாவைக் கேட்டு வாங்கி வந்து, இருநூற்று மூன்று கன்னத்திலும் திருஷ்டிப் பொட்டு வைத்தான். மறந்துவிடாமல் முந்தின நாளே கஸ்பாருக்கும் ஒன்று வைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று வருந்தி, துண்டைத் தளர்த்தி, டின்னைத் தூக்கி, அவன் உச்சிக்கும் ஒன்று வைத்து மறுபடி இறுக்கினான்.

அந்த நேரம் பார்த்து ரொட்டி வாங்க வந்தார் கர்டோசா வாத்தியார். ஓய்வு பெற்றவர். பாடம் நடத்த ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். குழந்தை இருக்கிற இடம் என்று அவரைக் கால் கழுவ வைத்துத்தான் உள்ளே விட்டான் பல்தசார். வாத்தியார் சுளகைப் பார்த்தார். பொட்டுகளைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவரானதால் எதுவும் கேட்கவில்லை. நேரே சரித்திரத்துக்குப் போய்விட்டார்.

"இது நம்ம பலகாரம்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா? மேல்நாட்டுக்காரன் பலகாரம். அவன் ஊர்ல பாதாம்ல செய்வான். கப்பல்ல இங்க வந்து இறங்குனான், பாதாமுக்கு எங்க போவான்? முந்திரியைப் போட்டான். அந்த முந்திரி மரமும் கப்பல்ல வந்ததுதான். ஆளு கடல்ல வந்தான், மரம் கடல்ல வந்துச்சு, செய்முறையும் கடல்ல வந்துச்சு. கடல் வழியா வராதது மக்ரூனே இல்லை, தெரிஞ்சுக்கோ."

ரொட்டியை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். சரித்திரம் பேக்கரியிலேயே தங்கிவிட்டது.

"கஸ்பார்," என்றான் பல்தசார் வெகுநேரம் கழித்து. "மண்டபத்துக்கு எப்படிப் போறோம்?"

"நடந்துதான். ரெண்டு தெரு."

"ரோட்டுல கொண்டுபோனா அது மக்ரூனே இல்லைன்னு வாத்தியார் சொல்லுதாரே."

டின் ஓட்டையிலிருந்து விரலை எடுத்தது. "அக்கா கல்யாணம்ல," என்றது. "மக்ரூன் இல்லைன்னு ஆயிறக் கூடாது."

எனவே கடல்வழி. பேக்கரிக்குப் பின்னாலிருந்து படகில் ஏறி, கழி முகத்தைச் சுற்றி, கோயில் துறையில் இறங்குவது. நடந்தால் நாலு நிமிடம். கடலில் மூன்று மணி நேரம், காற்று எதிரே இருந்ததால். பாய்மரத்தில் சேலையால் தொட்டில் கட்டி, அதில் சுளகை வைத்து, பல்தசார் ஆட்டிக்கொண்டே வந்தான். அவனுக்குத் தெரிந்தது ஒரே தாலாட்டு, அதிலும் ஒரே வரி. உப்புத் தண்ணீர் தெறிக்காமல் சேலை பார்த்துக்கொண்டது. உப்புக் காற்றை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. டின் தலையோடு கஸ்பார் படகின் முன்முனையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

கழி முகத்தைக் கடக்கையில் அக்கரை மணலில் ஒருவன் பானையோடு எழுந்து நின்றான். மெல்கியோர்.

"கிட்ட வந்துராதல," என்று பல்தசார் கத்தினான். "வெள்ளைக்கரு போகுது."

மெல்கியோர் பானையை அணைத்துக்கொண்டு, படகு மறையும்வரை முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். மஞ்சள்கரு பார்த்துவிடக் கூடாதாம்.

மண்டபத்தில் எல்லோரும் வந்தாகிவிட்டது. கண்ணில் பச்சைத் துணிக் கட்டோடு தெக்கிலம்மாள் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். பக்கத்தில் செலஸ்தீன், மடியில் மோதிரப் பெட்டி. எதிரே மாப்பிள்ளையின் தாய் இசபெல்லம்மாள். அவள் பின்னால் தஸ்நேவிஸ், கலங்கரை விளக்கத்தில் கப்பலைத் தேடுகிற மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டு.

"நல்லா வந்திருக்காடா?" என்றாள் தெக்கிலம்மாள், காலடி ஓசை கேட்டு.

"பெரியம்மா சொன்னதுல ஒண்ணும் விடல," என்றான் பல்தசார். அதில் பொய்யில்லை.

இசபெல்லம்மாள் ஒன்றை எடுத்தாள். "இதென்ன கறுப்பா?"

"திருஷ்டிப் பொட்டு மாமி."

"யாருக்கு?"

"பிள்ளைக்கு."

அவள் செலஸ்தீனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தெக்கிலம்மாளின் காதருகே கொண்டுபோய் முறித்தாள். அது முறியவில்லை. பூனையின் காது போல மடங்கி, விட்டதும் மெல்ல நிமிர்ந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் மடங்கியது. மூன்றாவது விரலோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது.

தெக்கிலம்மாள் கேட்காத சத்தத்துக்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் கை மகளின் கையைத் தேடியது. செலஸ்தீன் அழவில்லை. மோதிரப் பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினாள். இரண்டு முறை சாத்திப் பழகிய கை.

"ஆறு மாசம் பொறுப்போம், தெக்கிலா," என்று இசபெல்லம்மாள் எழுந்தாள்.

அப்போது தூண் ஓரத்திலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் கேட்டது. "அக்கா, மண்டபம் வந்தாச்சுல்ல? இனித் திறக்கலாமா?"

செலஸ்தீன் அந்தப் பக்கம் பார்த்தாள். "கஸ்பார், தலையில என்னதுடா அது?"

"டின்னு."

"அதுக்குள்ள?"

"நாந்தான். எனக்கு மேல மக்ரூன்."

முறை முடிந்துவிட்டது, இனிக் கை பட்டால் என்ன என்று நினைத்தாளோ என்னவோ, செலஸ்தீன் போய்த் துண்டை அவிழ்த்து டின்னை உயர்த்தினாள். கஸ்பாரின் தலையில் நெற்றியிலிருந்து பிடரிவரை வெள்ளை வெளேரென்று ஒரு கோபுரம் நின்றது. உச்சியில் கூர். கூரின் கன்னத்தில் ஒரு பொட்டு. காற்றே படாமல் இருந்ததால் அது காய்ந்து சங்கு மாதிரி இருந்தது.

ஒரு பன்னை எடுக்க அரை மணி நேரம் யோசிக்கிற தஸ்நேவிஸ் இந்த முறை யோசிக்கவில்லை. நாலு எட்டு வைத்து வந்தார், கூரைப் பிடித்தார், முறித்தார்.

மொறுக்.

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தெக்கிலம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது என் அடுப்பு," என்றாள். "யாரு முறிச்சது?"

"நாந்தான் அத்தே," என்றார் தஸ்நேவிஸ். அதுவரை அவர் அவளை 'கடைக்காரம்மா' என்றுதான் அழைத்து வந்தார்.

"மாப்பிள்ளையோட அம்மாதான் முறிக்கணும்," என்றாள் இசபெல்லம்மாள். "பொண்ணோட அம்மா காதுப்பக்கம்."

"அதுக்கென்ன," என்று பல்தசார் அண்ணனைக் கூட்டிப்போய், தெக்கிலம்மாளின் நாற்காலியருகே மண்டியிட வைத்து, தலையை அவள் காதோரம் சாய்த்துப் பிடித்தான். இசபெல்லம்மாள் வேறு வழியில்லாமல் கஸ்பாரின் இடது காதுக்கு மேலிருந்து ஒரு துண்டு முறித்தாள். மொறுக். முறித்ததை வாயில் போட்டாக வேண்டும், அதுவும் முறை. போட்டாள். வாயை மூடினாள். முகத்தில் இருந்த ஆறு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கரைந்து முடிந்ததும் விரலால் நாக்கைத் துழாவினாள். "ஒரு முடி இருக்கு."

"கஸ்பாரோடதுதான் மாமி," என்றான் பல்தசார். "வேற யாரு முடியும் சேரல."

இசபெல்லம்மாள் அந்த முடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். வாயில் இன்னும் இனிப்பு இருந்திருக்க வேண்டும். "மோதிரத்தைக் கொண்டாங்க," என்றாள்.

விருந்தினர் வரிசையாக வந்து கஸ்பாரிடம் ஆளுக்கொரு துண்டு முறித்துக்கொண்டு போனார்கள். பிடரிப் பக்கம் குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட்டது. விளக்கேற்றுவதற்குள் கஸ்பாரின் தலை காலியாகிவிட்டது. அவன் அதைத் தடவிப் பார்த்து, "குளிக்கலாமா பெரியம்மா?" என்று கேட்டான்.

அடுத்த மாதமே கல்யாணம். தஸ்நேவிஸ் அதற்குப் பிறகும் சாயங்காலமானால் பேக்கரிக்கு வந்து பன் பார்த்துக்கொண்டு நிற்பார், வீட்டிலேயே பேக்கரி இருந்தும்.

கண்கட்டு அவிழ்த்த அன்றுதான் தெக்கிலம்மாள் ஆட்களை எண்ணினாள். "மெல்கியோர் எங்கல?"

"அக்கரையில. மஞ்சக்கருவோட."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "வரச் சொல்லு," என்றாள்.

பல்தசார் படகில் போய், கரையேறாமல், தண்ணீரில் நின்றபடியே கத்தினான். "பெரியம்மா வரச் சொல்லுதாவ."

"வெள்ளைக்கரு தீந்துருச்சா?" என்றான் மெல்கியோர் மணலிலிருந்து.

பல்தசார் பொய் சொல்லத் தெரியாதவன். "இல்லை. நாளைக்கும் அடிக்கணும்."

"அப்போ எப்படில வருவேன்?"

"அதுவும் சரிதான்," என்று பல்தசார் திரும்பி வந்துவிட்டான்.

பேக்கரி என்றால் நாளைக்கும் அடிப்பார்கள், அதற்கு மறுநாளும் அடிப்பார்கள். வாரத்துக்கு இரண்டு பானை மஞ்சள்கரு அக்கரைக்குப் போயிற்று. மெல்கியோர் அதில் ஒரு மஞ்சள் கேக் செய்து விற்றான். அந்த நாற்பது வீட்டில் ஒரு வீட்டிலேயே பெண் கட்டினான். மூன்று பிள்ளைகள். நாற்பத்தொரு வருடம் அங்கேயே இருந்து, ஒரு பங்குனியில் இறந்தான். அக்கரைக் கல்லறையில்தான் அடக்கம். கஸ்பாரும் பல்தசாரும் அடக்கத்துக்குப் போய், படகைக் கரையில் ஏற்றாமல் தண்ணீரிலேயே நின்று முடித்துக்கொண்டு வந்தார்கள். அன்று காலையில் முப்பது முட்டை அடித்திருந்தார்கள்.